என் பெயரில் அழைப்பு போயிருக்கிறது, நான் அனுப்பவில்லை: என்ன நடந்திருக்கும், இனி என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். வேலை தேடுவதற்காக ஒரு சமூக வலைத்தளத்தில் கணக்கு தொடங்கினீர்கள். இரண்டு நாளில் பழைய மேலாளர் ஒருவர் "உங்கள் அழைப்பு கிடைத்தது" என்று பதில் போட்டார். கணக்குக்குள் போய் 'அனுப்பிய அழைப்புகள்' பகுதியைப் பார்த்தால் நீளமான பட்டியல் இருக்கிறது. வாடகைத் தகராறில் எதிர்த்தரப்பாக இருக்கும் வீட்டு உரிமையாளர், எப்போதோ ஒரு முறை எழுதிய மருத்துவமனை, பேச்சே வேண்டாம் என்று நீங்கள் விலகிவந்த ஒருவர் என எல்லோருக்கும் உங்கள் பெயரும் படமும் போட்டு அழைப்பு போயிருக்கிறது. ஹேக் செய்துவிட்டார்களா, இது சட்டப்படி சரியா, திரும்பப் பெற முடியுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: நான் உண்மையில் எதற்குச் சம்மதித்தேன், அந்தச் சம்மதம் எதுவரை செல்லும்?

முதலில் சுருக்கமான பதில். பெரும்பாலும் இது ஹேக் கிடையாது. பதிவு செய்யும்போது நீங்கள் அழுத்திய ஏதோ ஒரு பொத்தானை அந்த நிறுவனம் முழுச் சம்மதமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. போன மின்னஞ்சலைத் திரும்பப் பெற வழியில்லை. ஆனால் இனி போகப்போகும் நினைவூட்டல்களை நிறுத்தலாம். அவர்களுடைய சர்வரில் இருக்கும் உங்கள் தொடர்புப் பட்டியலையும் நீக்கச் சொல்லலாம். இந்த இரண்டாவது வேலையைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். என் பார்வையில், போன மின்னஞ்சலைவிட அங்கேயே தங்கிவிட்ட பட்டியல்தான் பெரிய இழப்பு. நிறுவனங்களின் மின்னஞ்சல் சர்வர்களைப் பராமரிப்பது என் வேலை, பல வருடங்களாக அதில்தான் இருக்கிறேன். அதனால் இந்த மாதிரி அழைப்புகள் அனுப்பும் பக்கத்திலும் பெறும் பக்கத்திலும் எப்படி இருக்கும் என்று தெரியும். சட்டம் என் துறை இல்லை. அதைப் பற்றி நான் சொல்வதெல்லாம் வெளியான தீர்ப்புகளைப் படித்ததை வைத்துத்தான். நீங்கள் விலகிவந்த அந்த ஒருவரைப் பற்றிக் கடைசியில் தனியாக எழுதியிருக்கிறேன். அதுதான் இப்போது உங்களை அதிகம் பயமுறுத்துகிறது என்றால் அதை முதலில் படித்துவிட்டு மற்றதுக்கு வாருங்கள்.

ஹேக்கா இல்லையா என்று ஊகிக்க வேண்டியதில்லை, பார்த்தே சொல்லிவிடலாம். அழைப்பு கிடைத்தவர்களில் உங்களுக்கு நெருக்கமான ஒருவரிடம் அந்த மின்னஞ்சலைத் திறந்து, அனுப்புநர் பெயரைத் தொட்டு, விரியும் விவரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெயர் உங்களுடையது, முகவரி அந்த வலைத்தளத்தினுடையது என்றால், அழைப்பு அவர்கள் சர்வரிலிருந்து போயிருக்கிறது, உங்கள் மின்னஞ்சலுக்குள் யாரும் நுழைந்ததற்கு அது அடையாளம் இல்லை. பெயரும் முகவரியும் இரண்டுமே உங்களுடையவை, உங்கள் 'அனுப்பியவை' பகுதியிலும் அது கிடக்கிறது என்றால் கதை வேறு. உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள், மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுங்கள், இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். நீங்கள் அமைக்காத ஃபார்வர்டிங் (வரும் கடிதங்களை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் வசதி) ஏதாவது செட்டிங்ஸில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெயர் மட்டும் உங்களுடையது, முகவரி எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒன்று என்றால், எங்கோ கசிந்த பட்டியலை வைத்து யாரோ ஸ்பேம் அனுப்புகிறார்கள், அதற்கும் உங்கள் கணக்குக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்றில்லை. நீங்கள் சொன்னதைப் பார்த்தால், அழைப்புகள் அந்த வலைத்தளத்தின் 'அனுப்பிய அழைப்புகள்' பட்டியலிலேயே இருப்பதால், முதல் வகைதான் என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு சின்ன வரலாறு. ஒரு காலத்தில் இத்தகைய தளங்கள் பயனரின் முகவரியையே அனுப்புநராகப் போட்டு அழைப்புகளை அனுப்ப முடிந்தது. 2014 ஏப்ரலில் யாஹூ தன் டிமார்க் விதியை, அதாவது அனுப்புநர் முகவரி போலியா என்று சரிபார்க்கும் விதியை, கடுமையாக்கியது. யாஹூ முகவரியைப் போட்டுக்கொண்டு வேறு சர்வரிலிருந்து வரும் கடிதங்களை நிராகரித்துவிடுங்கள் என்று மற்ற மின்னஞ்சல் சேவைகளுக்கு அறிவிப்பதுதான் அதன் சாரம். அதற்குப் பிறகு அடுத்தவர் முகவரியை அனுப்புநராகப் போடுவது கஷ்டமாகிவிட்டது. ஆனால் பெயரையும் படத்தையும் எடுத்துக்கொள்ள எந்தத் தொழில்நுட்பத் தடையும் இல்லை. இன்பாக்ஸில் கண்ணில் படுவது பெயர்தான். அழைப்பைத் திறக்கவைப்பதும் அதுதான்.

சரி, அந்தச் சம்மதம் எங்கே போனது? பதிவு செய்யும்போது வந்த திரைகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பெயர், கடவுச்சொல், படிப்பு, வேலை என்று ஒவ்வொரு திரையிலும் கீழே ஒரே இடத்தில், ஒரே நிறத்தில், 'தொடர்க' என்ற பெரிய பொத்தான். நான்காவதோ ஐந்தாவதோ திரையில் "உங்களுக்குத் தெரிந்தவர்களைக் கண்டுபிடியுங்கள்" என்று வரும். அங்கேயும் அதே பொத்தான், அதே இடம். 'தவிர்' என்பது ஓரத்தில் மங்கிய சாம்பல் எழுத்தில் இருக்கும். பொத்தானை அழுத்தினால் மின்னஞ்சல் நிறுவனத்தின் பக்கம் திறந்து, "இந்தச் சேவை உங்கள் தொடர்புகளைப் பார்க்க அனுமதிக்கிறீர்களா" என்று கேட்கும். போனில் என்றால் ஒரு சிறிய பெட்டி வரும். அனுமதித்ததும் இரண்டு பட்டியல்கள் வரலாம். முதல் பட்டியலில் இருப்பவர்கள் ஏற்கெனவே அந்தத் தளத்தில் கணக்கு வைத்திருப்பவர்கள். அடுத்து வருவது கணக்கே இல்லாதவர்களின் பட்டியல். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எல்லாப் பெயருக்கும் பக்கத்தில் டிக் முன்கூட்டியே போடப்பட்டிருக்கும், திரையில் தெரிவது ஏழெட்டுப் பெயர், கீழே நூற்றுக்கணக்கில் மறைந்திருக்கும். முதல் பட்டியலுக்கு 'சேர்' என்று கொடுத்தவர் இரண்டாவதுக்கும் அதே வேகத்தில் கொடுத்துவிடுகிறார். முதலாவது தளத்துக்குள்ளேயே முடிகிற ஒரு கோரிக்கை. இரண்டாவது, வெளியே இருக்கும் ஒரு மனிதரின் இன்பாக்ஸுக்குப் போகும் விளம்பரம். அந்த வேறுபாட்டைத் திரை காட்டாமல் வைத்திருப்பது கவனக்குறைவால் நடப்பது என்று நான் நம்பவில்லை. அந்தத் திரையை வடிவமைத்தவர்களுக்கு எந்தப் பொத்தானை எத்தனை பேர் அழுத்துகிறார்கள் என்பது தெரியும்.

"நான் அந்த மருத்துவமனை முகவரியைச் சேமிக்கவே இல்லையே" என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சேமித்திருக்க வேண்டியதில்லை. உதாரணமாக ஜிமெயிலில் 'பிற தொடர்புகள்' என்று ஒரு பகுதி உண்டு. நீங்கள் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொண்டவர்களின் முகவரிகள் தாமாகவே அதில் சேரும். புகார் எழுதிய நிறுவனம், பழைய பொருளை வாங்க வந்தவர், குழுக் கடிதத்தில் இருந்த முகம் தெரியாதவர், வழக்கறிஞர், மனநல ஆலோசகர் எல்லோரும் அங்கே வந்துவிடுவார்கள். நண்பர்கள் பட்டியல் என்று நாம் மனதில் வைத்திருப்பது ஒன்று, அந்தத் தளம் எடுத்துக்கொள்வது வேறொன்று. எடுத்தது உங்கள் வாழ்க்கையில் யார் யாரோடு எழுத்துத் தொடர்பு இருந்தது என்பதன் பதிவேடு.

சட்டத்துக்கு வருகிறேன். இதில் பலரும் மேற்கோள் காட்டுவது அமெரிக்காவில் லிங்க்ட்இன் மீது 2013இல் தொடுக்கப்பட்ட வழக்கு. பயனர்களின் மின்னஞ்சல் தொடர்புகளுக்கு அந்த நிறுவனம் அவர்கள் பெயரில் அழைப்பு அனுப்பியது. பதில் வராதவர்களுக்கு மேலும் இரண்டு நினைவூட்டல்கள் போயின, அவையும் பயனர் பெயரிலேயே. கலிபோர்னியாவில் நீதிபதி லூசி கோ 2014 ஜூனில் தந்த உத்தரவில் ஒரு முக்கியமான கோடு கிழித்தார்: தொடர்புகளை எடுப்பதற்கும் முதல் அழைப்பை அனுப்புவதற்கும் பயனர்கள் சம்மதித்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம், நினைவூட்டல்களுக்குச் சம்மதம் இருந்ததாகக் கொள்ள முடியாது. ஒருவரின் பெயரையும் படத்தையும் வணிக லாபத்துக்காக அவர் அனுமதியின்றிப் பயன்படுத்துவது என்ற அடிப்படையில் வழக்கின் அந்தப் பகுதி தொடர்ந்து நடந்தது. 2015இல் லிங்க்ட்இன் 1.3 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது, தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. உங்கள் நிலைமைக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கோட்டைத்தான். ஒரு முறை அழைப்பு அனுப்பச் சொன்னதால், பதில் வராவிட்டால் மறுபடியும் மறுபடியும் தட்டிக்கொண்டிருக்கச் சொன்னதாக ஆகாது. முதல் அழைப்பை வாங்கியவர் "தெரியாமல் அனுப்பியிருப்பார்" என்று விட்டுவிடுவார். மூன்றாவது வரும்போது இவர் ஏன் இப்படி நச்சரிக்கிறார் என்று நினைப்பார், அந்த எண்ணம் நிறுவனத்தின் மீது விழாது, உங்கள் மீதுதான் விழும்.

அமெரிக்க வழக்கு அனுப்புகிறவரின் சம்மதத்தைப் பார்த்தது. ஐரோப்பாவில் பெறுகிறவரின் பக்கத்தையும் பார்த்தார்கள். எனக்கு அதுதான் சரியான பார்வையாகப் படுகிறது. ஜெர்மனியின் உச்சபட்ச சிவில் நீதிமன்றம் 2016 ஜனவரி 14 அன்று ஃபேஸ்புக்கின் 'நண்பர்களைக் கண்டுபிடி' வசதி பற்றித் தீர்ப்பளித்தது. நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பு தொடுத்த வழக்கு அது. உறுப்பினராக இல்லாதவர்களுக்கு, அவர்கள் கேட்காமல், இப்படி அழைப்பு அனுப்புவது தொல்லை தரும் விளம்பரம் என்று நீதிமன்றம் சொன்னது. பொத்தானை அழுத்தியது பயனராக இருந்தாலும், அது நிறுவனம் தனக்கு ஆள் சேர்ப்பதற்காக அனுப்பிய விளம்பரமே என்பது தீர்ப்பின் சாரம். 2020 மே மாதம் பெல்ஜியத்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் ட்வூ என்ற தளத்தின் மீது 50,000 யூரோ அபராதம் விதித்தது. அங்கேயும் பெயர்களுக்கு முன்கூட்டியே டிக் போட்டிருந்தார்கள். பயனரின் சம்மதம் அவர் தொடர்புப் பட்டியலில் இருப்பவர்களின் சம்மதமாக ஆகாது என்பதுதான் அந்த முடிவின் மையம். யார் ஏற்கெனவே உறுப்பினர் என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மற்ற முகவரிகளை உடனே மறந்துவிடுவது என்றால் அதற்கு இடமுண்டு என்றும் அது ஏற்றுக்கொண்டது.

இவற்றுக்கெல்லாம் முன்னால், 2009இலேயே, ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஆணையங்கள் சேர்ந்திருந்த ஒரு குழு சமூக வலைத்தளங்கள் பற்றி வெளியிட்ட கருத்துரையில் நான்கு சோதனைகளைச் சொல்லியிருந்தது. ஓர் அழைப்பைப் பயனரின் சொந்தக் கடிதமாகக் கருத வேண்டுமானால், அனுப்புகிறவருக்கோ பெறுகிறவருக்கோ பரிசு, சலுகை எதுவும் தரக்கூடாது. யாருக்கு அனுப்புவது என்பதை நிறுவனம் தேர்ந்தெடுக்கக் கூடாது. அனுப்பும் பயனர் யார் என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். தன் பெயரில் போகும் செய்தி முழுவதையும் அந்தப் பயனர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். உங்கள் விஷயத்தை இதில் வைத்துப் பாருங்கள். உங்கள் பெயர் தெளிவாக இருந்தது, மூன்றாவது சோதனையில் அது தேறிவிடும். ஆனால் முழு முகவரிப் பட்டியலுக்கும் டிக் போட்டுவைத்தது நிறுவனம், ஆகவே தேர்வு உங்களுடையது இல்லை. அப்படி ஒரு கடிதம் போனதையே பழைய மேலாளர் சொல்லித்தான் தெரிந்துகொண்டீர்கள். எந்த நாட்டில் இருந்தாலும் இந்த நான்கையும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஊர்ச் சட்டம் இதையே சொல்கிறதா என்பதை அங்கே தொழில் செய்யும் வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும்.

இப்போது, பட்டியல்தான் பெரிய இழப்பு என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். அழைப்பு ஒரு நாள் சங்கடம். பட்டியல் அப்படி இல்லை. போனில் 'தொடர்புகளை ஒத்திசை' என்பது திறந்திருந்தால், நாளை நீங்கள் புதிதாகச் சேர்க்கும் எண்ணும் அங்கே போய்விடும். அங்கே போனபிறகு அது உங்கள் கணக்கோடு மட்டும் நிற்பதில்லை. 2013 ஜூனில் ஃபேஸ்புக் ஒரு கோளாறை ஒப்புக்கொண்டது. தங்கள் தகவல்களைப் பதிவிறக்கிப் பார்த்தவர்களுக்கு, அவர்களிடம் இல்லாத அடுத்தவர் எண்களும் முகவரிகளும் சேர்ந்து வந்தன, சுமார் 60 லட்சம் பேருடையவை. வேறு யாரோ ஏற்றிய முகவரிப் பட்டியல்களிலிருந்து எடுத்து அந்தந்த நபரோடு பொருத்தி வைத்திருந்ததால்தான் அது சாத்தியமானது. 2019 ஏப்ரலில் இன்னொன்று: 2016 மே முதல், புதிதாகச் சேர்ந்த சிலரிடம் சரிபார்ப்பு என்று மின்னஞ்சல் கடவுச்சொல்லையே கேட்டு வாங்கியபோது, சுமார் 15 லட்சம் பேரின் தொடர்புகள் அவர்களிடம் கேட்காமலே ஏற்றப்பட்டுவிட்டன என்று அதே நிறுவனம் சொன்னது. வேண்டுமென்று செய்ததில்லை என்பது அவர்கள் விளக்கம். 2021இல் 53 கோடிக்கும் அதிகமான ஃபேஸ்புக் கணக்குகளின் விவரங்கள் இணையத்தில் கொட்டப்பட்டன. அவற்றை எடுக்கப் பயன்பட்டது, தொடர்புகளை ஏற்றி நண்பர்களைத் தேடும் இதே வசதிதான். வரிசையாக எண்களை உருவாக்கி, அதைத் தன் முகவரிப் பட்டியல் என்று காட்டினால், எந்த எண் யாருடையது என்று தளமே சொல்லிவிடும். அதற்காக அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 நவம்பரில் 26.5 கோடி யூரோ அபராதம் விதித்தது.

இதைவிட அமைதியாக நடக்கும் பாதிப்பு ஒன்று உண்டு. இருவர் பட்டியலில் ஒரே எண் இருந்தால் அந்த இருவருக்கும் ஏதோ தொடர்பு என்று தளம் ஊகிக்க முடியும். ஒரு மனநல மருத்துவரின் எண் அவரிடம் வருகிறவர்கள் எல்லோருடைய போனிலும் இருக்கும். அமெரிக்காவில் ஒரு மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெறுகிறவர்கள், 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று ஒருவருக்கொருவர் ஃபேஸ்புக்கில் காட்டப்பட்டதைப் பற்றி 2016இல் செய்தி வந்தது. அந்தப் பரிந்துரைகள் தொடர்புப் பட்டியலிலிருந்துதான் வந்தன என்று வெளியிலிருந்து யாராலும் நிரூபிக்க முடியவில்லை. ஒரு பரிந்துரையைப் பார்த்து அது எதிலிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்கிறவரை நம்பாதீர்கள், பல தடயங்கள் சேர்ந்து அதை உருவாக்குகின்றன. ஆனால் பட்டியல் அந்தத் தடயங்களில் ஒன்று என்பதில் சந்தேகம் இல்லை. பல தளங்கள் தங்கள் கொள்கைப் பக்கத்திலேயே அதை எழுதிவைத்திருக்கின்றன.

"எண்களை ஹேஷ் செய்துதான் வைத்திருக்கிறோம், அசல் எண் எங்களிடம் இல்லை" என்று சில நிறுவனங்கள் சொல்லும். ஹேஷ் என்பது ஓர் எண்ணைக் கணக்குப் போட்டு வேறொரு குறியீடாக மாற்றிவைப்பது. கேட்க நிம்மதியாக இருக்கும், ஆனால் போன் எண் விஷயத்தில் அது பலவீனமான சமாதானம். பத்து இலக்க எண் என்றால் மொத்தமே 1000 கோடி சாத்தியங்கள்தான். எல்லாவற்றையும் ஹேஷ் செய்து ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு சாதாரண கிராஃபிக்ஸ் கார்டுக்கு நிமிடங்களில் முடிகிற வேலை. வாட்ஸ்அப் மீதான ஐரோப்பிய விசாரணையில், 2021இல் 22.5 கோடி யூரோ அபராதத்தோடு வந்த முடிவு, உறுப்பினர் இல்லாதவர்களின் எண்களைச் சுருக்கி ஹேஷ் செய்து வைத்திருந்ததையும் தனிநபர் தரவாகவே கருதியது. உண்மையாகவே அக்கறையோடு செய்ய முடியாதா என்றால், முடியும். செய்தி அனுப்பும் ஆப்பான சிக்னல் 2017 முதல், சேவையை நடத்துகிறவர்களே எட்டிப் பார்க்க முடியாதபடி பூட்டிய ஒரு பகுதிக்குள் ஒப்பீட்டைச் செய்துவிட்டுப் பட்டியலை வைத்துக்கொள்ளாமல் விடும் முறையைக் கொண்டுவந்தது. அதிலும்கூட, ஒருவர் சேர்ந்துவிட்டார் என்ற செய்தி அவர் எண்ணை வைத்திருப்பவர்களுக்குத் தெரியவரலாம். டெலிகிராமிலும் அப்படித்தான்.

இனி செய்ய வேண்டியவை. வரிசை முக்கியம், ஏனென்றால் முன்பின் மாற்றிச் செய்தால் நீக்கியது மறுபடி ஏறிவிடும். முதலில் ஊற்றை அடைத்துவிடுங்கள். போன் செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கான தொடர்புகள் அனுமதியை எடுத்துவிடுங்கள், ஆப்புக்குள்ளேயும் ஒத்திசைவை நிறுத்துங்கள். பிறகு உங்கள் மின்னஞ்சல் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில், இணைக்கப்பட்ட வெளிச் சேவைகள் என்ற பட்டியலுக்குப் போய் அந்தத் தளத்தின் அணுகலை ரத்து செய்யுங்கள். கடவுச்சொல்லை மாற்றினால் இது தானாகப் போய்விடும் என்று நினைக்காதீர்கள். நீங்கள் கொடுத்த அனுமதி கடவுச்சொல்லைச் சாராத தனிச் சாவி, தனியாகத்தான் ரத்து செய்ய வேண்டும். பல வருடங்களுக்கு முன் இணைத்த வேறு சேவைகளும் அங்கே கிடக்கும், அவற்றையும் எடுத்துவிடுங்கள். அடுத்து தளத்துக்குள் போய், பதில் வராத அழைப்புகள் ஒவ்வொன்றையும் திரும்பப் பெறுங்கள். போன கடிதம் போனதுதான், ஆனால் நிலுவை அழைப்பு இல்லாவிட்டால் நினைவூட்டலுக்கு வேலை இல்லை. இதை இன்றே செய்வது நல்லது, நினைவூட்டல்கள் சில நாள் இடைவெளியில் கிளம்பும். கடைசியாக 'ஏற்றிய தொடர்புகள்' அல்லது 'ஒத்திசைத்த தொடர்புகள்' என்ற பக்கத்தைத் தேடி எல்லாவற்றையும் நீக்குங்கள். பெரும்பாலும் அது செட்டிங்ஸில் ஆழமாகப் புதைந்திருக்கும், ஆப்பில் கிடைக்காவிட்டால் கணினியில் தேடிப் பாருங்கள். நீக்குவதற்கு முன் அந்தப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். எத்தனை பேர் விவரம் போனது என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். பட்டியல் மீண்டும் நிறைந்திருந்தால் எங்கோ இன்னொரு கருவியில், பழைய போனிலோ டேப்லெட்டிலோ, ஒத்திசைவு ஓடிக்கொண்டிருக்கிறது.

கணக்கை மூடிவிடுவதே எளிதில்லையா என்றால், மூடலாம். ஆனால் மேலே சொன்னதைச் செய்தபின் மூடுங்கள். மூடிய கணக்குக்குள் திரும்பிப் போய் அழைப்புகளையும் பட்டியலையும் நீக்க முடியாது.

'நீக்கப்பட்டது' என்று திரையில் வருவது உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போனது என்பதற்கு மட்டுமே உறுதி. சர்வரில், காப்புப் பிரதிகளில், ஊகித்து வைத்திருக்கும் உறவு வரைபடத்தில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதை வெளியிலிருக்கும் நானோ நீங்களோ சரிபார்க்க முடியாது. அதைக் கேட்க உரிமை உள்ள இடங்கள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு விதியின்படி, என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள், எங்கிருந்து கிடைத்தது என்று கேட்கவும், நீக்கச் சொல்லவும் முடியும். கணக்கே இல்லாதவருக்கும் அந்த உரிமை உண்டு. மற்ற நாடுகளிலும் நிறுவனத்தின் தனியுரிமைப் பிரிவுக்கு எழுதிவைப்பது வீண் போகாது. என்ன நடந்தது, எந்தத் தேதி, எத்தனை பேருக்கு, என்ன கோருகிறீர்கள் என்று நான்கைந்து வரியில் எழுதினால் போதும். பதில் வராவிட்டால், ஒழுங்குமுறை ஆணையம் இருக்கும் இடங்களில் புகார் கொடுக்க அந்தக் கடிதம் தேவைப்படும்.

அழைப்பு கிடைத்தவர்களுக்கு என்ன சொல்வது? எல்லோருக்கும் சேர்த்து ஒரு நீண்ட மன்னிப்புக் கடிதம் வேண்டாம், அது இன்னொரு தேவையற்ற கடிதமாகிவிடும். வேலை சம்பந்தப்பட்டவர்களுக்கும் நெருக்கமானவர்களுக்கும் தனித்தனியாக இரண்டு வரி எழுதுங்கள்: "பதிவு செய்யும்போது தளம் என் முகவரிப் பட்டியல் முழுவதுக்கும் அழைப்பு அனுப்பிவிட்டது, நான் தேர்ந்தெடுத்து அனுப்பவில்லை. நீங்கள் சேரத் தேவையில்லை. மேலும் வராமலிருக்க அந்த மின்னஞ்சலின் அடியில் இருக்கும் 'இனி அனுப்பாதே' இணைப்பை அழுத்துங்கள்." அந்த இணைப்பு வேலை செய்ய, நிறுவனம் அவர்கள் முகவரியை 'அனுப்பக்கூடாத பட்டியல்' ஒன்றில் வைத்திருந்தாக வேண்டும். அது தவிர்க்க முடியாதது, அதனால் அழுத்தாமல் விட்டுவிட வேண்டாம். வீட்டு உரிமையாளருக்கு நீங்களாக எழுதாதீர்கள். தகராறு நடக்கும்போது எந்தக் கடிதத்தையும் வழக்கறிஞரைக் கேட்டே அனுப்புங்கள், அழைப்பு போனதையும் அவரிடம் சொல்லிவையுங்கள். இனிமேல் யாரையாவது நீங்களே அழைக்க விரும்பினால் இணைப்பை நகலெடுத்து, உங்கள் கையால் எழுதிய செய்தியோடு அனுப்புங்கள். போன் அனுமதிகளிலும் கொஞ்சம் முன்னேற்றம் வந்திருக்கிறது. 2012 பிப்ரவரியில் பாத் என்ற ஆப் கேட்காமலே முழு முகவரிப் பட்டியலையும் எடுத்தது அம்பலமானது, அந்த வருடம் வந்த ஐஓஎஸ் 6 முதல் ஐபோன் அனுமதி கேட்கத் தொடங்கியது. 2024இல் வந்த ஐஓஎஸ் 18 முதல் முழுப் பட்டியலுக்குப் பதிலாகச் சில பெயர்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம். தேவையென்றால் அப்படிக் கொடுங்கள்.

கடைசியாக, நீங்கள் விலகிவந்த அந்த ஒருவர். இதை மற்றவர்களுக்குப் போன அழைப்பு போலச் சங்கடம் என்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. அந்த அழைப்பு அவருக்கு மூன்று விஷயங்களைச் சொல்லியிருக்கிறது: நீங்கள் எந்தத் தளத்தில் இருக்கிறீர்கள், எந்தப் பெயரில், எந்தப் படத்தோடு. அதில் இருக்கும் இணைப்பை அழுத்தினால் உங்கள் ஊர், வேலை செய்யும் இடம், புதிய நண்பர்கள் தெரியக்கூடும். நீங்களாகவே தொடர்பு கொண்டதாகவும் அவர் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே முதல் வேலையாக உங்கள் பக்கத்தைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிடுங்கள். லாகின் செய்யாத ஒரு பிரவுசரில் உங்கள் பக்கத்தைத் திறந்து, வெளியாருக்கு என்ன தெரிகிறது என்று நீங்களே பாருங்கள். ஊர், நிறுவனப் பெயர், தொடர்புகள் பட்டியல் மூன்றையும் மறையுங்கள். 'மின்னஞ்சல் அல்லது போன் எண்ணை வைத்து என்னைக் கண்டுபிடிக்கலாம்' என்ற அமைப்பை மூடுங்கள். அவருக்கு அங்கே கணக்கு இருந்தால் தடை செய்யுங்கள். கணக்கு இல்லாதவரைப் பொதுவாகத் தடை செய்ய முடியாது, நாளை அவர் வேறு பெயரில் கணக்கு தொடங்கவும் முடியும், அதனால் தடையை மட்டும் நம்பாமல் பக்கத்தில் தெரிவதைக் குறைப்பதுதான் பாதுகாப்பு. அழைப்பு தவறாகப் போனது என்று விளக்க அவருக்கு எழுதாதீர்கள். நிலுவை அழைப்பைத் திரும்பப் பெற்றால் போதும். அவரிடமிருந்து ஏதாவது வந்தால் பதில் போடாமல், அழிக்காமல், தேதியோடு சேமித்துவையுங்கள். மிரட்டல் என்று தோன்றினால் அதோடு சேர்த்து அழைப்பு போன நாளின் ஸ்கிரீன்ஷாட்டையும் காவல்துறையிடமோ, குடும்ப வன்முறைக்கு உதவும் அமைப்பிடமோ கொண்டுபோங்கள். தொடர்பை யார் தொடங்கியது என்ற கேள்வி அங்கே வரும்போது, அந்த அழைப்பு உங்கள் கையால் போகவில்லை என்று காட்ட அது வேண்டியிருக்கும்.